பன்னிரண்டாவது பார்சல்

 

கொஞ்சம் நீளமான பதிவு. லீவு முடிவதற்குள் வேன் பிடித்து எங்காவது போகலாம் என்று இருப்பவர்கள் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள். படங்களைத் தனியாகப் போடுகிறோம்.

நாங்கள் மூன்று குடும்பம். மூன்று வீட்டிலும் ஆசிரியர்கள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் ஒன்றாக இருந்து, இப்போது ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டப் பாடசாலைகளில் ஆளுக்கொரு பக்கம் படிப்பிக்கிறோம். இரண்டு குடும்பம் முஸ்லிம், ஒரு குடும்பம் தமிழ். பெரியவர்கள் ஆறு, பிள்ளைகள் ஐந்து. மொத்தம் பதினொரு பேர். இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஜூலை கடைசியிலேயே வட்ஸ்அப் குரூப் ஒன்று போட்டு திட்டம் எழுதத் தொடங்கிவிட்டோம். காலை 5 மணிக்கு ஹட்டன். டெவோனிலும் சென் கிளயாரிலும் போட்டோ. நுவரெலியாவில் காலைச் சாப்பாடு. பிறகு ஹோட்டன் சமவெளி, உலக முடிவு. இறங்கும்போது அம்பேவலையில் பிள்ளைகளுக்குப் பால். ஹக்கல பூங்கா. கிரகரி வாவியில் படகு. அப்படியே றம்பொடை நீர்வீழ்ச்சியையும் எட்டிப் பார்த்துவிட்டு இரவு 9 மணிக்கு வீடு. பாடக் குறிப்பு எழுதிப் பழகிய கை அல்லவா, 40 நிமிடப் பாடவேளை மாதிரி ஒவ்வொரு இடத்துக்கும் நேரம் ஒதுக்கியிருந்தோம். குரூப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். இந்த அட்டவணையில் சாரதி எப்போது சாப்பிடுவார் என்று ஒரு வரி கூட இல்லை என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

அடுத்தது வேன். முதலில் பேசியவர் ஒரு இளம் பிள்ளை. நல்ல கேடிஎச் வேன், ஏசி, உள்ளே கலர் லைட், பெரிய செட். லிஸ்டை அனுப்பினோம். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "ஒரு பிரச்சினையும் இல்ல சேர், எல்லாம் கவர் பண்ணலாம்." மற்றவர்கள் சொன்னதை விட ஐயாயிரம் ரூபா குறைவு. வெள்ளிக்கிழமை இரவு கட்டுநாயக்கவுக்கு ஒரு ஹயர் இருக்கிறதாம், ஆட்களை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு விடியற்காலையில் ஹட்டனுக்கு வந்து, அப்படியே எங்களை ஏற்றிக்கொள்வாராம். உண்மையைச் சொன்னால், அதைக் கேட்டு எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எப்படியும் அந்த நேரத்துக்கு விழித்திருப்பார், பிந்த மாட்டார் என்று நினைத்தோம். படித்த ஆறு பேரின் புத்தி அவ்வளவுதான்.

அட்வான்ஸ் கொடுக்கப்போகும்போது எங்களில் ஒருவருடைய உம்மா, "கொட்டகலைப் பக்கம் ஒரு டிரைவர் இருக்கிறார், நாங்கள் ஆஸ்பத்திரிக்கு அவரோடுதான் போறது, அவருக்கிட்டயும் ஒரு சொல் கேளுங்களேன்" என்றார். பெரியவர் சொல்லைத் தட்டக் கூடாதே என்று கூப்பிட்டோம். அவர் போனில் விலை சொல்லவில்லை. "நேர்ல வாறேன் சேர், ஒரு பிளேன்டீ குடிச்சிக்கிட்டே பேசுவம்" என்றார்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் சந்தித்தோம். ஐம்பது வயதிருக்கும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், இன்றும் லயத்தில்தான் வீடு. வந்து உட்கார்ந்ததும் அவர்தான் எங்களை நேர்முகப் பரீட்சை வைத்தார். எத்தனை பிள்ளைகள், என்ன வயது? யாருக்கு வளைவில் வாந்தி வரும்? வயசானவங்க வாறாங்களா? நீங்க தொழுகிறதுக்கு எங்க நிப்பாட்டணும்? சாப்பாடு கட்டிக்கிட்டு வாறீங்களா, கடையிலயா? ஒரு சாரதி இப்படியெல்லாம் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. அதற்குப் பிறகுதான் லிஸ்டைக் கையில் வாங்கினார். வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"சேர் கோவிச்சுக்காதீங்க. இது ட்ரிப் இல்ல. கொழுந்து லொறி ஓட்டம்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். உலக முடிவைப் பார்க்க வேண்டுமென்றால் விடியும்போது ஹோட்டன் சமவெளி வாசலில் நிற்க வேண்டும். பத்து மணிக்குப் போனால் வெள்ளைச் சுவர் மாதிரி மிஸ்ட் மட்டும்தான் தெரியும். உள்ளே நடந்து சுற்றி வரவே கிட்டத்தட்ட 9 கிலோமீற்றர், பிள்ளைகளோடு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போகும். நுவரெலியாவில் காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு அங்கே போவது வீண். சென் கிளயாரில் எப்போதும் தண்ணீர் விழும் என்று நினைக்காதீர்கள், மேல் கொத்மலை மின்சாரத் திட்டம் வந்த பிறகு அது நேரம் பார்த்துத்தான் விழுகிறது. றம்பொடை வீட்டுக்குப் போகிற வழியில் இல்லை, அது நுவரெலியாவுக்கு அந்தப் பக்கம், கண்டி ரோட்டில். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு 45 கிலோமீற்றர் என்று போன் சொல்லும். போன் வளைவுகளை எண்ணாது, நானுஓயா மிஸ்டையும் எண்ணாது.

"ஒரு நாளைக்கு ஒரு பக்கம் சேர். அவ்வளவுதான் ஒரு ஆளால ஒழுங்கா ஓட்ட ஏலும்."

சரி, சனிக்கிழமை வாருங்கள் என்றோம். முடியாது என்றார். அவருக்கும் வெள்ளி இரவு ஏர்போர்ட் ஹயர். "ராவு முழுக்க முழிச்சிட்டு பிள்ளைங்கள ஏத்த மாட்டேன். ஞாயித்துக்கிழமைன்னா வாறேன். இல்லாட்டி வேற ஆளப் பாருங்க, கோவமில்ல."

ஒரே வெள்ளிக்கிழமை இரவு, இரண்டு சாரதிகள். ஒருவர் அதை எங்களுக்கு வசதி என்று சொன்னார். மற்றவர் அதையே வர முடியாததற்குக் காரணமாகச் சொன்னார். மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எங்களுக்குப் போன வருட டிசம்பர் ஞாபகம் வந்துவிட்டது.

இதை இதுவரை வெளியில் சொல்லவில்லை. போன டிசம்பரில் இதே மூன்று குடும்பமும் நுவரெலியா போனோம். வேறு வேன், வேறு சாரதி, அவருடைய பெயர் இங்கே வேண்டாம், பிழையும் அவருடையது அல்ல. விடியற்காலை 4 மணிக்கு எங்களை ஏற்றினார். பகல் முழுக்க இங்கே நிறுத்துங்கள், அங்கே திருப்புங்கள் என்று ஏவினோம். மத்தியானம் பூங்காவில் பாய் விரித்து பிரியாணி பார்சலை அவிழ்த்தபோது பதினொரு பார்சல்தான் இருந்தது. பன்னிரண்டாவது ஆள் வேனுக்குள் இருந்தார். "அவர் கடையில் சாப்பிடுவார்" என்று எங்களில் யாரோ சொன்னோம். யார் சொன்னது என்று இன்று வரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கடையில் சாப்பிடவும் இல்லை. வேனைப் பார்க் பண்ணிய இடத்தில் கடையே இருக்கவில்லை.

இரவு திரும்பும்போது மழை, மிஸ்ட். பின்னால் பிள்ளைகள் அந்தாக்ஷரி, பாட்டு, சத்தம். நானுஓயா தாண்டியதும் முன் சீட்டில் இருந்த எங்களில் ஒருவர் பார்த்தார், சாரதியின் தலை ஒரு தடவை முன்னுக்குச் சரிந்து நிமிர்ந்தது. ஒரு விநாடிதான். வேன் நடுக்கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்ப வந்தது. எதிரில் எதுவும் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். வந்திருந்தால் இந்தப் பதிவை எழுத நாங்கள் இருந்திருக்க மாட்டோம். தலவாக்கலையில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தோம். அவர் மன்னிப்புக் கேட்டார். அவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டதுதான் இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவர் பட்டினி கிடந்ததற்கும் பதினைந்து மணித்தியாலம் ஓட்டியதற்கும் நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாடகையில் ஐந்நூறு ரூபா குறைக்கலாமா என்று கூட ஒருவர் மெல்லக் கேட்டார். அந்த ஒருவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும், அதை எழுதப்போவதில்லை.

ஹட்டன், டிக்கோயாக்காரர்களுக்கு 2023 ஜனவரி 20ஆம் திகதியை ஞாபகப்படுத்தத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை. நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் கல்விச் சுற்றுலா வந்த பாடசாலைப் பிள்ளைகளின் பஸ், ஒரு வேன், ஒரு ஓட்டோ. ஏழு பேர் போனார்கள். வேனில் இருந்தவர்கள் எங்கள் பக்கத்து மனிதர்கள், சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் செய்த பிழை என்று ஒன்றுமே இல்லை. தங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த இரவு ஹட்டனில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்பது இங்கே வாசிக்கிற உங்களுக்குத்தான் தெரியும். அந்த விபத்துக்குப் பிறகு கனரக வாகனங்கள் அந்தக் குறுக்கு வீதியில் போவது தடை செய்யப்பட்டது. 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அந்தச் செய்தி வந்த அன்று நாங்கள் எல்லோரும் "சாரதிகளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்" என்று ஸ்டேட்டஸ் போட்டோம். மூன்று மாதம் கூட ஆகவில்லை, இரவெல்லாம் ஓட்டிவிட்டு வரும் பிள்ளைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் பர்ஸைத் திறந்தோம்.

டீக்கடையில் அந்த அண்ணனிடம் ரதல்ல பற்றிக் கேட்டோம். அவர் அதைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. இறக்கத்தைப் பற்றி மட்டும் சொன்னார். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் அது சூடாகும், சூடேற ஏறப் பிடிப்பு குறையும், கடைசியில் பெடல் கீழே வரை போகும், வண்டி நிற்காது. ஒரு மலையை எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். கீழே இருந்து வருகிறவர்களுக்கு இது பழக்கமில்லை. "நம்ம ஒழுங்கா ஓட்டினா மட்டும் பத்தாது சேர். எதிர்ல பழக்கமில்லாதவன் வாறான்னு வச்சிக்கிட்டு, அவனுக்கும் சேர்த்து இடம் விட்டு ஓட்டணும். அதுக்குத்தான் தூக்கம் வேணும்."

நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். இது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. குரூப்பில் இரண்டு நாள் சண்டை. ஐயாயிரம் ரூபா என்றால் எங்கள் சம்பளத்தில் சின்னத் தொகை இல்லை. ஒரு டீச்சருக்கு ஞாயிறு தஹம் பாடசாலை மாதிரி அஹதிய்யா வகுப்பு. பிள்ளைகளுக்குக் கலர் லைட் வேன் வேண்டுமாம். கடைசியில் போன டிசம்பரில் முன் சீட்டில் இருந்தவர் குரூப்பில் ஒரே ஒரு வொய்ஸ் போட்டார். "தலை சரிந்ததை நீங்கள் யாரும் பார்க்கவில்லை. அதனால்தான் இவ்வளவு பேசுகிறீர்கள்." அதோடு சண்டை நின்றது.

எங்கே போவது? அதையும் அண்ணனிடமே விட்டோம். "நுவரெலியாவ உங்க பிள்ளைங்க நாலஞ்சு வாட்டி பாத்திருக்கும். நோட்டன் பாத்திருக்கா?" என்று கேட்டார். பிள்ளைகள் இருக்கட்டும், எங்களில் நான்கு பேர் பார்த்ததில்லை. ஹட்டனில் பிறந்தவர்கள்! வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிற இடத்தில் பிறந்து, லீவு வந்தால் கிரகரி வாவியில் அன்னப் படகு மிதிக்கப் போகிறோம்.

ஞாயிறு காலை 7 மணி. எல்லோரும் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். டிக்கோயா தாண்டி காசல்ரீ வரும்போது மழை விட்டிருந்தது. நீர்த்தேக்கம் நிறைந்து, தேயிலை மலையின் கால் வரை தண்ணீர். ஓரிடத்தில் ரோட்டுக்கு மேலே பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்கு எடுக்கிறார்கள் போல. எங்கள் தமிழ் டீச்சர் கண்ணாடியைத் திறந்து கையாட்டினார், மேலே இருந்தும் ஒரு கை ஆடியது. அவருடைய வகுப்புப் பிள்ளை ஒன்றின் அம்மாவாம். வண்டி மெதுவாகப் போனதால்தான் முகம் தெரிந்தது.

நோட்டன்பிரிட்ஜில் அணைக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918லேயே இந்த மலை நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். வெள்ளைக்கார அரசாங்கம் இழுத்தடித்து, கடைசியில் லக்ஷபான மின் நிலையம் 1950இல்தான் வேலை செய்யத் தொடங்கியது. இன்று இங்கே அணைக்கும் மின் நிலையத்துக்கும் அவருடைய பெயர். இதைப் பிள்ளைகளுக்கு வகுப்பு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தோம். அண்ணன் சீற்றில் சாய்ந்தபடி சொன்னார், "நாங்க குப்பி லாம்புலதான் படிச்சோம் சேர். தண்ணி எங்க வீட்டுக்குப் பக்கத்தால போச்சு, கரண்ட் கொழும்புக்குப் போச்சு." குறையாகச் சொல்லவில்லை, ரோட்டு நிலைமை சொல்வது போலச் சொன்னார். எங்கள் பாடம் அதோடு முடிந்தது.

அங்கிருந்து ஏழு கன்னியர் மலை. இதற்காகத்தான் இந்தப் பக்கம் வந்தோம் என்றே சொல்லலாம். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு பத்து மணி தாண்டி, இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட ஒரு விமானம் இந்த மலையில் மோதியது. மார்ட்டின்எயார் என்ற நெதர்லாந்து நிறுவனத்தின் டிசி 8 விமானம். ஜித்தாவுக்குப் போகிற வழியில் கொழும்பில் இறங்க வேண்டியது. 182 ஹஜ் பயணிகள், ஊழியர் 9 பேர், ஒருவரும் தப்பவில்லை. இலங்கையில் நடந்த விமான விபத்துகளில் இதுதான் பெரியது. நோட்டனில் அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது, விமானத்தின் டயர் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். சிறு வயதில் வாப்பாமார் சொல்லக் கேட்டதுதான். ஹாஜிமார் விழுந்த மலை என்பார்கள். இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்துகொண்டு ஒரு ஸலாம் சொல்ல நாங்கள் வரவில்லை.

மேலே மலை முக்கால்வாசி மூடியிருந்தது. ஒரு சிகரம் தெரியும், அடுத்தது மறையும். நாங்கள் துஆச் செய்தோம். எங்கள் தமிழ்க் குடும்பம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது. பிள்ளைகளில் பெரியவள், பதின்மூன்று வயது, கேட்டாள்: "பைலட்டுக்கு மலை தெரியலையா?" விசாரணையில் வந்த முடிவைச் சொன்னோம். அவர்கள் விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதைப் பிழையாகக் கணித்துவிட்டார்கள். மலையெல்லாம் தாண்டியாயிற்று, இனி இறங்கலாம் என்று நினைத்து இறக்கிவிட்டார்கள். அண்ணன் இவ்வளவையும் கேட்டுக்கொண்டு நின்றார். அவருடைய அப்பா அப்போது இந்தப் பக்கத் தோட்டமொன்றில் பேர் பதிந்திருந்தவராம். அந்த இரவுச் சத்தத்தை இடி என்று நினைத்ததாகவும், விடிந்த பிறகு ஆட்கள் மலை ஏறியதாகவும் சொல்வாராம். அதற்கு மேல் என்ன பார்த்தார் என்று அவர் அப்பா கடைசி வரை பிள்ளைகளிடம் சொல்லவில்லையாம்.

அந்த இடத்தில் அரை மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம். பழைய அட்டவணைப்படி என்றால் போட்டோ எடுக்கப் பத்து நிமிடம் கொடுத்திருப்போம்.

மஸ்கெலியாப் பக்கம் இறங்கும்போது அண்ணன் பாட்டை நிறுத்தச் சொன்னார். இறக்கத்தில் எஞ்சின் சத்தம் கேட்க வேண்டுமாம். பெரிய இறக்கம் முடிந்ததும் ஓரமாக நிறுத்தி, இறங்கி, நான்கு சில்லுக்கும் பக்கத்தில் குனிந்து கையை வைத்து வைத்துப் பார்த்தார். பிள்ளைகளும் இறங்கிப்போய்க் கையை வைத்தார்கள். "சூடில்ல" என்று வந்து சொன்னார்கள். காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரித்தான் இருந்தது.

மஸ்கெலியா பள்ளியில் லுஹர் தொழுதுவிட்டு, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் தெரிகிற ஒரு மேட்டில் பாய் விரித்தோம். இந்தத் தண்ணீருக்கு அடியில்தான் பழைய மஸ்கெலியா நகரம் இருக்கிறது. 1960களின் கடைசியில் அணை கட்டியபோது ஊரை மேலே மாற்றினார்கள். கடும் வறட்சியில் தண்ணீர் வற்றினால் பழைய கோவில் தலை காட்டும், சனம் போய்க் கும்பிட்டுவிட்டு வரும். நாங்கள் போனபோது நீர் நிறைந்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை.

பார்சலை எடுத்தோம். பன்னிரண்டு. அண்ணன் வழக்கம் போல வேனிலேயே இருந்தார். கூப்பிட்டோம். "இருக்கட்டும் சேர், நீங்க சாப்பிடுங்க" என்றார். போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தோம். பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார், பிறகு பிள்ளைகள் இழுத்து நடுவுக்குக் கொண்டுபோனார்கள். கோழிப் பொரியலில் ஒன்றை அவருக்குக் கூட வைத்தார் எங்கள் வீட்டு ராத்தா. இருபத்தைந்து வருடமாக ஹயர் ஓடுகிறாராம். ஹக்கல பூங்காவுக்கு ஆட்களைக் கொண்டுபோன கணக்கே இல்லை, ஆனால் பூங்காவுக்குள் போனது ஒரே தடவைதானாம், அதுவும் யாரோ ஒரு பிள்ளை தொலைந்து தேடப்போனபோது. நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். பிறகு எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாப்பிட்டதும் வேனுக்குள் போய்ப் படுத்து முக்கால் மணித்தியாலம் தூங்கினார். அட்டவணையில் நாங்களே எழுதியிருந்தோம்: 1.45 முதல் 2.30, அண்ணனுக்கு ஓய்வு. பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வதுதான் அன்றைய நாளின் கஷ்டமான வேலை.

மூன்று மணிக்கு எங்கள் பழைய புத்தி ஒரு தடவை எட்டிப் பார்த்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, நல்லதண்ணி வரை போய் சிவனொளிபாத மலையின் அடிவாரத்தைப் பார்த்துவிட்டு வருவோமே என்று ஒருவர் தொடங்கினார். மூவாயிரம் கூடத் தருகிறோம் என்றார் இன்னொருவர். கடைக்குட்டி அழவே தொடங்கிவிட்டான். அண்ணன் மலைப்பக்கம் பார்த்தார். மிஸ்ட் இறங்கத் தொடங்கியிருந்தது. "காசு பிரச்சினை இல்ல சேர். இருட்டுக்குள்ள மிஸ்டுல பிள்ளைங்களோட திரும்பி வரணும்." அவ்வளவுதான் சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நோர்வூட் வழியே திரும்பி, மஃரிபுக்கு முன் ஹட்டனில் இருந்தோம். வெளிச்சம் இருக்கும்போதே ட்ரிப்பிலிருந்து வீட்டுக்கு வந்தது எங்கள் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

இறங்கும்போது காசைக் கொடுத்தோம், எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்தார். டிசம்பர் லீவில் ஹக்கல போவோமா அண்ணன் என்று கேட்டோம். போகலாம், ஆனால் மூத்த மகளுக்கு ஏ.எல். சோதனை, அது முடியட்டும் என்றார். அப்போதுதான் எங்கள் தமிழ் டீச்சர் கேட்டார், வேனில் எத்தனை சீட் என்று. அவரோடு சேர்த்துப் பதினைந்தாம். அவர் வீட்டில் நாலு பேர். டீச்சர் விரலில் எண்ணினார், நாங்களும் எண்ணினோம். அண்ணனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கதவைச் சாத்துகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பதினஞ்சுக்கு மேல ஒருத்தரும் ஏத்த மாட்டேன் சேர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

குரூப்பில் இப்போதே பார்சல் கணக்கு தொடங்கிவிட்டது. பதினைந்து. அவருடைய மகள்களுக்குக் கோழியா மீனா என்று கேட்டுச் சொல்லும் பொறுப்பு எங்கள் வீட்டு ராத்தாவுக்கு. திகதி இன்னும் போடவில்லை, அதை அண்ணன் சொல்வார்.